மூன்று தராசுகளில் என் இரத்தம்

நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் ஐந்தாம் வகுப்புக்குப் பாதி நாள்தான் போனேன். இன்றைக்கு நுவரெலியா டவுனில் மரக்கறி மொத்தக் கடை வைத்திருக்கிறேன். மூன்று லொறி ஓடுகிறது. மேல்மாடி வைத்த வீடு இருக்கிறது. எல்லாம் நானாகத் தேடியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நிறுப்பது. கரட் மூட்டையைக் காலால் லேசாக உதைத்துப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லுவேன். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தவறியதை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் வெளியே சொல்லவில்லை.

இந்த வித்தையை நான் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கற்றேன். பதினேழு வயதில் எனக்கு அங்கே சாக்குத் தூக்கும் வேலை. பெண்கள் மலையிலிருந்து கொழுந்தைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். நான் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவேன். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எழுதுவார். சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரம் கழிபடும். பிறகு அதே கொழுந்தை லொறியில் ஏற்றி பெக்டரிக்குக் கொண்டுபோவோம். அங்கே இன்னொரு தராசு. அதில் எப்போதும் கூடவே காட்டும். வழியில் கொழுந்து வளருகிறது என்றுதான் முதல் மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாதம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு தராசை நம்புகிற வேலையை விட்டேன். வியாபாரத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். மரக்கறித் தோட்டக்காரன் நிறுத்த மூட்டையை என் தராசில் வைப்பேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் பக்கத்துக் கடைத் தராசில் வைப்பேன். மூன்றில் நடுவில் வருவதை எடுத்துக்கொள்வேன். இந்த முறையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னோடு நிறுவையில் சண்டை பிடித்தவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மலத்தில் இரத்தம் போனது. மூலம் என்று நானே முடிவு செய்து ஆறு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டேன். என் மனைவிதான் பிடிவாதம் பிடித்துக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்பக்கமாகக் கமராவை விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அங்கே என்னைப் பார்த்த டொக்டரம்மாவிடம் நான் முதலில் கேட்டது, வெட்டி எடுத்தது எத்தனை கிராம் என்று.

“ஐயா, நாங்கள் அதை நிறுக்கிறேல்ல” என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தில் ஒரு கூத்து. குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை இறுகும். குளிரில் போகாதீர்கள் என்றார் டொக்டரம்மா. நுவரெலியாவில் இருந்துகொண்டு குளிரில் போகாமல் எங்கே போவது? கையுறை போட்டுக்கொண்டு கதவுப் பிடியைத் திறந்த ஆள் எங்கள் சந்தையில் நான் ஒருவன்தான். வாந்தியைப் பற்றி எழுதவில்லை. மருந்து முடிந்த நாளில், இனி ஒருபோதும் இதை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று மனதுக்குள் தீர்மானம் போட்டேன்.

அது முடிந்ததும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். டொக்டரம்மா அந்த ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினார்.

“இது ஒரு புரதம், ஐயா. வயித்தில பிள்ளை வளரேக்க அதின்ர குடல் இதைச் செய்யும். பிறந்தாப் பிறகு ஏறக்குறைய நிண்டுடும். குடல்ல இப்பிடிக் கட்டி வந்தா, அது திரும்பச் செய்யத் தொடங்கும். இரத்தத்தில கலக்கும். உங்களுக்கு ஒப்பரேசனுக்கு முன்னம் பதினாலு இருந்தது. இப்ப ரெண்டு புள்ளி ஒண்டு.”

“புரதம்னா பருப்பு, முட்டையில இருக்கிறதுங்களா?”

“அது வேற, இது வேற. நீங்கள் முட்டை சாப்பிடலாம்.”

“அப்ப எனக்குச் சொகமாயிருச்சுங்களா?”

“ஒரு நம்பரை வைச்சு அப்பிடிச் சொல்லேலாது. இறங்கினது நல்ல அறிகுறி. இனி ஏறுதோ எண்டு பாக்கோணும். ஏறினா வருத்தம், அதாவது இந்த நோய், திரும்புது எண்டு சந்தேகப்படுவம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுங்கோ. ஒரே லாப்பில எடுங்கோ. இஞ்சயே எடுக்கிறது நல்லம்.”

நான் தலையாட்டினேன். ஆனால் ‘ஒரே இடத்தில்’ என்ற பேச்சை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். என் தராசில் மட்டும் நிறுங்கள் என்று சொன்ன யாரையும் நான் நம்பிப் பிழைத்ததில்லை. டொக்டரம்மா தங்கமான மனுஷி. அதற்காக அவருடைய ஆஸ்பத்திரித் தராசும் தங்கமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா?

மூன்று மாதம் கழித்து நுவரெலியாவிலேயே கொடுத்தேன். சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, கடைக்குப் பின்னால் இரத்தம் பார்க்கும் இடமும் திறந்திருந்தார். இரத்தத்தை வேறு எங்கேயாவது அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். சொந்த மெசின் என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று புள்ளி நான்கு வந்தது. நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து என்னவென்று அவரிடம் கேட்டேன். நானோகிராம் என்றார். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்காம். அந்த மாதிரி மூன்றரைப் பங்கு, இரத்தத்தில் ஒரு சின்னக் கரண்டி அளவுகூட இல்லாத இடத்தில். லொறியிலிருந்து ஐந்து கிலோ லீக்ஸ் விழுந்தாலும் நான் திரும்பிப் பார்க்காமல் போனவன். என் உயிரை இந்தக் கணக்கில் நிறுக்கிறார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஹட்டனுக்கு உருளைக்கிழங்கு வேலையாகப் போன நாளில், அங்கே ஓர் இடத்தில் கொடுத்தேன். ஐந்து புள்ளி இரண்டு. அன்றைக்கு நல்ல மழை. ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கழிக்கவில்லை. நான் கணக்கப்பிள்ளை இல்லை.

என் எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் இலக்கம் அச்சுப் போல் இருக்கும். மூன்று நம்பரையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, ஆறாம் மாதம் டொக்டரம்மாவைப் பார்க்கத் தனியாகப் போனேன். ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். வீட்டில் பத்திரமாக இருக்கிறது, நம்பர் இதோ என்று தாளை நீட்டினேன். எந்த ஊரில் எடுத்தது என்று தாளில் எழுதவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் எடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார், நான் தலையாட்டிவிட்டேன். எடுத்திருப்பேன் என்றுதானே நினைப்பார்?

அவர் முகம் மாறியது. என் வாழ்நாளில் எத்தனையோ வியாபாரிகளின் முகத்தைப் படித்திருக்கிறேன். விலை இறங்கப்போகிறது என்று தெரிந்த முகம் அது.

“ரெண்டு, மூண்டரை, அஞ்சுக்கு மேல. ஏறிக்கொண்டு வருது, ஐயா.”

“மூணுல நடுவுல உள்ளத எடுத்துக்கிட்டா?”

“அப்பிடி எடுக்கேலாது. மூண்டு கிழமையில ஸ்கான் ஒண்டுக்கு நாள் போடுறன். ஈரலையும் பாக்கோணும். வந்திருந்தா திரும்ப மருந்து ஏத்த வேண்டி வரும்.”

இரண்டு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. கடையில் இருந்தேன், வியாபாரம் பார்த்தேன். முட்டைக்கோவா மூட்டை ஒன்றை உதைத்து நாற்பத்தெட்டு என்றேன். தராசில் ஐம்பத்திரண்டு காட்டியது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சாக்குத் தூக்கிய அதே இடத்தில் வரிசையில் நின்றவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகும் இருபது வருஷம் கொழுந்து பறித்தாள். நான் முதல் லொறி வாங்கியபோதும் வேலையை விடவில்லை. இந்த ஆளுடைய வியாபாரம் எத்தனை நாளைக்கோ என்றாள். இரண்டாவது லொறி வந்த பிறகுதான் விட்டாள்.

அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நம்பர் ஏறுகிறது, ஸ்கான் எடுக்க வேண்டும், நோய் திரும்பியிருக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “வந்திருந்தாலும் சரி, அந்த மருந்த நான் திருப்பி ஏத்த மாட்டேன்” என்றேன்.

கத்தி நிற்கவில்லை.

“எத்தனைல இருந்து எத்தனைக்கு ஏறியிருக்கு?”

“கண்டியில எடுத்தப்ப ரெண்டு புள்ளி ஒண்ணு. இங்க எடுத்தப்ப மூணு புள்ளி நாலு. அட்டன்ல அஞ்சு புள்ளி ரெண்டு.”

“ஏன், ஊர் ஊரா சுத்துனீங்க? டொக்டரம்மா ஒரே எடத்துல எடுக்கச் சொல்லலியா?”

“சொன்னாங்க. ஒரே தராச நம்ப நான் என்னா பைத்தியமா? ஒங்க மலைத் தராசு லட்சணத்த நான் பாக்கலியா?”

“அந்தத் தராசு ரெண்டு கிலோ திங்கும்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“தெனமும் ரெண்டு கிலோதான் திங்கும். மழையா இருந்தாலும் ரெண்டு, வெயிலா இருந்தாலும் ரெண்டு. நேத்துப் பதினாறு, இன்னைக்குப் பதினெட்டுன்னு எழுதுனா, நான் ரெண்டு கிலோ கூடப் பறிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். களவாணியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஒரே களவாணியா இருந்தாப் போதும். நீங்க ஒரு நாளு ஒரு களவாணிகிட்ட, இன்னொரு நாளு வேறொரு களவாணிகிட்ட நிறுத்துட்டு, கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு கேட்டா எந்தச் சாமிக்குத் தெரியும்?”

“நான் மூட்டைய மூணு தராசுல வச்சுத்தானே இவ்வளவு காலமா...”

“அது ஒரே மூட்டை, ஒரே நாளு. இது மூணு மாசத்துக்கு ஒரு மூட்டை. பெரிய யாவாரி!”

நான் வெளியே போய் லொறிப் பக்கத்தில் நின்றேன். டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“கண்டிக்கே போயி திருப்பி எடுங்க.”

அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். கண்டியில் மட்டும் எடுத்தால், அந்த ஒரு தராசு இப்போது என்ன சொல்கிறது என்று மட்டும்தான் தெரியும். ஒரே நாளில் மூன்று இடத்திலும் கொடுத்தால்? அன்றைக்கு என் உடம்பில் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே மூட்டை. ஒவ்வொரு தராசும் முன்னால் சொன்னதையே இப்போதும் சொன்னால், ஏறவில்லை. எல்லாத் தராசிலும் ஏறியிருந்தால், நிஜமாகவே ஏறியிருக்கிறது. இந்த யோசனை முழுக்க என்னுடையது. அவளும் மறுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேனை எடுத்தோம். முதலில் மருந்துக்கடை. முதலாளியே கதவைத் திறந்தார்.

“வாங்க மொதலாளி. அட்டன்ல போயி ரத்தம் குடுத்தீங்களாமே, ஒங்க லொறிக்காரன் சொன்னான்? நம்ம மெசின் புடிக்கலியா?”

“ஒங்க மெசின சோதிக்கத்தான் வந்திருக்கேன்.”

“ஜெர்மன் மெசின கரட் மொதலாளி சோதிக்கிறாரு! அல்லாவே, இதையும் பாக்க வச்சிட்டியே.” என் மனைவியைப் பார்த்து, “தங்கச்சி, இவருக்கு ரத்தம் எடுக்க ஊசி பத்தாது, இவ்வளவு தலைக்கனத்துக்கு பக்கெட்டு வேணும்” என்றார்.

“எடுங்க அண்ணே, கொஞ்சம் கொறையட்டும்” என்றாள் அவள்.

அங்கிருந்து ஹட்டன். தலவாக்கலையில் வேனை நிறுத்தி, அவள் கொண்டுவந்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். ஹட்டனில் மற்றக் கையில் குத்தினார்கள். பிறகு கினிகத்தேனை வழியாகக் கண்டி. அந்தப் பாதை முழுக்க வளைவு. வழக்கமாக ஒவ்வொரு வளைவுக்கும் மெதுவா மெதுவா என்பாள். அன்றைக்கு நான் வேகமாகப் போனதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் சிங்களப் பிள்ளை என் இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து, “மே மொகத சீயா?” என்றாள். இதென்ன தாத்தா என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், சந்தையில் பாதி வியாபாரம் அதில்தான். காலையிலிருந்து மூன்று தராசில் நிறுத்துக்கொண்டு வருகிறேன் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி கையை விரித்தாள். அந்தப் பாஷை எல்லோருக்கும் விளங்கும்.

இரண்டு நாளில் மூன்று ரிப்போர்ட்டும் கைக்கு வந்தன. நுவரெலியா மூன்று புள்ளி ஆறு. ஹட்டன் ஐந்து புள்ளி ஒன்று. கண்டி இரண்டு புள்ளி இரண்டு.

கண்டி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அதே ஆஸ்பத்திரியில் டொக்டரம்மாவின் அறைக்குப் போனோம். இந்தத் தடவை மூன்று ரிப்போர்ட்டோடு பழைய ரிப்போர்ட்டுகளையும் வைத்தேன். மேலே ஒரு தாளும் வைத்தேன்: பழையது ஒரு வரிசை, புதியது ஒரு வரிசை, பக்கத்தில் ஊர்ப் பெயர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மூண்டு இடத்திலயா எடுத்தனீங்கள்?”

“ஆமாங்க.”

“நான் என்ன சொன்னனான்?”

“ஒரே எடத்துலன்னு சொன்னீங்க.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே மரியாதை. தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மெசின் வேறு என்றார். அந்தப் புரதத்தைப் பிடிக்கிற மருந்து ஒவ்வொரு மெசினிலும் வேறு வேறாம். ஒன்று இறுக்கிப் பிடிக்கும், ஒன்று விட்டுப் பிடிக்கும். அதனால் ஒரு மெசினின் நம்பரை அதே மெசினின் பழைய நம்பரோடு மட்டும்தான் ஒப்பிட முடியும். இதைத்தான் எங்கள் வீட்டுக் குசினியில் ஒருத்தி ஏற்கனவே சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன்.

“இப்ப பாத்தா ஒண்டும் ஏறேல்ல, ஐயா.”

“கண்டியில புள்ளி ஒண்ணு ஏறியிருக்குங்களே?”

“அது மெசினின்ர நடுக்கம்.”

முள் நடுங்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஒப்புக்கொண்டேன்.

“இந்த நம்பர் நல்லா இருக்குது எண்டதால மட்டும் எல்லாம் முடிஞ்சுது எண்டில்ல. சிலருக்கு இது ஏறாமலே வருத்தம் திரும்பும். அதால கமராவும் ஸ்கானும் அதுகளின்ர நேரத்துக்கு எடுக்கத்தான் வேணும். அவசரமாப் போட்ட நாளை இப்ப வெட்டுறன்.” பிறகு அந்தத் தாளைத் திரும்பவும் பார்த்தார். “வந்த பிழையை நல்லாக் கண்டுபிடிச்சிருக்கிறீங்கள். ஆர் சொன்னது, இப்பிடிச் செய்யச் சொல்லி?”

“நானேதான்” என்றேன்.

மனைவி சுவரில் ஒட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எழுதிவிடுகிறேன். பிழையைக் கண்டுபிடித்ததில் இரண்டு பங்கு அவளுடையது, ஒரு பங்கு என்னுடையது. பங்கு பிரித்துச் சொல்ல டொக்டரம்மாவுக்கு அன்றைக்கு நேரமில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும், வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்தாள்.

“எந்திரி. போவோம்.”

“கொஞ்சம் இருங்க.”

“இப்ப என்னா? ஏறலைன்னுட்டாங்களே. நீதானே அன்னைக்கே சொன்ன.”

“நான் எப்பச் சொன்னேன்? தராசப் பத்திச் சொன்னேன். ஏறலைன்னு சொன்னனா? எனக்கு என்னா தெரியும், ஒங்க வயித்துக்குள்ள என்னா இருக்குன்னு?”

யோசித்துப் பார்த்தேன். அவள் ஏறவில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டு மூன்று ஊருக்கு வேன் ஓட்டியிருக்கிறேன். அவளோ அந்த நாள் முழுக்க, ஏறியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“வந்திருந்தாலும் மருந்து ஏத்த மாட்டேன்னீங்களே” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சொல்லிட்டுப் போயி லொறிய பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் என்னா செய்யட்டும், அதச் சொன்னீங்களா? எனக்கு ஒரு வழி சொன்னீங்களா?”

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் அவள் முன்னால் குந்தினேன்.

“சரி. வந்தா ஏத்திக்கிறேன்.”

“சும்மா சொல்லாதீங்க.”

“வந்தா ஏத்திக்கிறேன். குளிருக்குக் கையுறை போட்டுக்கிறேன். எத்தன தடவ ஏத்தச் சொன்னாலும் ஏத்திக்கிறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பக்கத்து நாற்காலியில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார், எங்கள் பேச்சு அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினார். அவருடைய மனைவியும் ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் என் மனைவி எழுந்தாள்.